புதன்கிழமை சாகும் இரை மீன்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கெட்டில் பன்னிரண்டு ஜிலேபிக் குஞ்சுகள். நிழல் பட்டாலே சிதறி ஓடும் அளவுக்குத் துடிப்பு. திங்கட்கிழமையும் அப்படியேதான். செவ்வாய் மாலை ஒன்று மட்டும் நிறம் கறுத்து, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, டப்பின் ஓரத்தில் தனியாக நிற்கும். புதன் காலை மூன்று மிதக்கும். வெள்ளிக்கிழமைக்குள் டப் காலி. சனிக்கிழமை விடியற்காலை விராலுக்கோ கொடுவாவுக்கோ தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தில், வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு குட்டை குட்டையாக இரை தேடி அலைய வேண்டும். யாரிடம் சொன்னாலும் வரும் கேள்வி ஒன்றுதான்: "ஏர் போட்டீங்களாண்ணே?" இரை வைத்திருப்பவர் போட்டிருப்பார். பம்ப் காற்றைக் குமிழியாக்கும் ஸ்டோன் இரவு பகலாக ஓடியிருக்கும். அதைச் சொன்னதும் அடுத்த யோசனை வரும்: "அப்ப இன்னொரு ஸ்டோன் சேத்துப் போட்டுப் பாருங்க."

இந்தக் குமிழி பக்திதான் நெடுநாளாக உறுத்துகிறது. காற்று வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் காற்றுப் பற்றாக்குறையில் சாகிற மீன் புதன்கிழமை வரை காத்திருக்காது. 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் நன்னீர் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். நெருக்கியடித்த பக்கெட்டில் அது தீர்ந்தால் சில மணி நேரத்திலேயே எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பெரிது முதலில் போகும், சிறிசு பின்னால் போகும். விடிவதற்குள் கதை முடிந்துவிடும். மூன்றாம் நாள், ஒவ்வொன்றாக, ஒரு வரிசையும் இல்லாமல் சாவது வேறு கணக்கு. அந்தக் கணக்கு ஞாயிற்றுக்கிழமையே எழுதப்பட்டுவிடுகிறது. டப் அதைப் புதன்கிழமை படித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

வலையிலிருந்து பக்கெட் வரை

மீனின் மேல் இருக்கும் வழுவழுப்பு அதன் சட்டை, கவசம், மருந்து எல்லாம். காய்ந்த கையால் ஒரு பிடி பிடித்தால் ஐந்து விரல் அகலத்துக்கு அந்தச் சட்டை கிழியும். முடிச்சு போட்ட நைலான் வலையில் அள்ளித் தரையில் கொட்டினால் செதிலும் சேர்ந்து போகும். அந்த இடத்தில் இரண்டு நாளில் பஞ்சு ஒட்டியதுபோல் பூஞ்சை ஏறும், அல்லது வாலும் துடுப்பும் அரித்துக்கொண்டே வரும். ஜிலேபி இதைக் கொஞ்சம் தாங்கும், கெண்டைப் பொடி அதைவிடக் குறைவாக. மடவைக்கு இந்த விஷயத்தில் பொறுமையே கிடையாது. செதில் உதிர்ந்த மடவையை வீட்டுக்குக் கொண்டுவருவதே வீண், அன்றைக்கே தூண்டில் முள்ளில் மாட்டிவிடுவது நல்லது.

அதனால் ஒரு வாரம் வைத்திருக்க வேண்டிய இரையை வீச்சு வலையில் பிடிப்பதைவிட, வாய்ப்பகுதியை அறுத்துத் தலைகீழாகச் செருகிய பெரிய தண்ணீர் பாட்டில் பொறியிலோ, சின்ன முள்ளில் மைதா உருண்டை வைத்தோ பிடிப்பது மேல். உதட்டில் முள் குத்திய காயம் ஆறிவிடும், விலாவில் செதில் போன காயம்தான் ஆறுவதில்லை. எடுத்து மாற்ற வலையைவிடச் சொம்பு சிறந்தது. தண்ணீரோடு மொண்டு தண்ணீரோடு விட்டால் மீனைத் தொடவே வேண்டியதில்லை. தொட்டே ஆகவேண்டுமென்றால் கையை நனைத்துக்கொண்டு தொட வேண்டும்.

பிடித்த மீனின் வயிறு நிறைந்திருக்கும். பயத்தில் முதல் கால் மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் பக்கெட்டிலேயே கழித்துவிடும். அந்தத் தண்ணீரை அப்படியே வீட்டுக்குச் சுமந்து வருவது வழக்கமான தவறு. இருபது நிமிடம் கழித்து முக்கால்வாசியைக் கொட்டிவிட்டு அதே குளத்துத் தண்ணீரை நிரப்ப வேண்டும். கிளம்பும்போது இன்னொரு முறை. 20 லிட்டர் பக்கெட்டுக்குப் பத்து சென்டிமீட்டர் மீன் பத்துக்கு மேல் வேண்டாம். ஸ்டோனை முழு வேகத்தில் விட்டால் குறுகிய பக்கெட்டில் தண்ணீர் கொதிப்பதுபோல் புரளும், மீன் சுவரில் உரசிக்கொண்டே வரும். காற்று மிதமாக வந்தால் போதும்.

வீட்டுக்கு வந்த முதல் ஒரு மணி நேரம்

எல்லாமே தலைகீழாவது இங்கேதான். மீன் வெளியேற்றும் அம்மோனியா தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று பெரிய தீங்கு செய்யாத அயனி வடிவம், மற்றது செவுளைப் பொசுக்கும் நஞ்சு வடிவம். எது எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் தண்ணீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச்தான் தீர்மானிக்கிறது, வெப்பம் அதற்குத் துணை. 30 டிகிரியில் பிஎச் 6.5 இருந்தால் மொத்த அம்மோனியாவில் நஞ்சு வடிவம் கால் சதவீதம். பிஎச் 7 என்றால் 0.8 சதவீதம். 8 ஆனால் ஏழரை சதவீதம். அதாவது தண்ணீரில் ஒரு சொட்டு அம்மோனியாகூடக் கூடாமலேயே, பிஎச் 6.5-லிருந்து 8-க்கு ஏறினால் நஞ்சு முப்பது மடங்காகிவிடும்.

இப்போது மீன்குஞ்சுப் பண்ணையிலிருந்து ஆக்சிஜன் நிரப்பிக் கட்டிய பாலிதீன் பையில் நான்கு மணி நேரம் பயணித்து வந்த குஞ்சுகளை நினைத்துப் பாருங்கள். உள்ளே மீன் விட்ட கரியமில வாயு வெளியே போக வழியில்லை. அது கரைந்து பிஎச்சைக் கீழே தள்ளிவிடுகிறது. அம்மோனியா நிறைய சேர்ந்திருக்கும், ஆனால் தீங்கு செய்யாத வடிவத்தில் உறங்கிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்ததும் பாசத்தோடு நாம் என்ன செய்கிறோம்? பையை அவிழ்த்து, "பாவம், மூச்சு முட்டியிருக்கும்" என்று ஒரு ஸ்டோனை உள்ளே போடுகிறோம். குமிழி கரியமில வாயுவை அடித்து விரட்டுகிறது. பிஎச் மளமளவென்று ஏறுகிறது. உறங்கிய அம்மோனியா விழித்துக்கொள்கிறது. பையில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் மொத்த அம்மோனியா இருந்தது என்று வைத்துக்கொண்டால், 6.5-ல் நஞ்சு 0.01-ஐச் சற்றே தாண்டியிருக்கும். 8-ல் அதுவே 0.37 ஆகிவிடும். 0.05-க்கு மேல் நீடித்தாலே செவுள் பாழாகத் தொடங்கும். அந்த ஒரு மணி நேரத்தில் வெந்த செவுளோடு மீன் மூன்று நாள் ஓட்டிவிட்டுப் புதன்கிழமை போய்ச் சேருகிறது. கொன்றது காற்றில்லாமை அல்ல, காற்று போட்ட நேரம்.

ஆகவே கட்டிய பைக்கு முறை இது. பையை அவிழ்க்காமல் நிழலில் டப் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும், பதினைந்து இருபது நிமிடம், சூடு சமமாகும் வரை. அதற்குப் பிறகு அவிழ்த்த கையோடு, வேறொரு பக்கெட்டின் மேல் மெல்லிய வலையைப் பிடித்து, பையைச் சாய்த்து, மீனை மட்டும் டப்புக்கு மாற்றிவிட வேண்டும். பைத் தண்ணீர் ஒரு குவளைகூட டப்புக்குள் போகக்கூடாது. அவிழ்த்த பையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் குவளை குவளையாகத் தண்ணீர் கலக்கும் வழக்கம் குறைந்த தூரப் பயணத்துக்குச் சரி, நீண்ட பயணப் பைக்குக் கெடுதல்.

திறந்த பக்கெட்டில் பேட்டரி பம்ப் ஓட வந்த மீனுக்குக் கதை வேறு. அதில் கரியமில வாயு வழியெல்லாம் வெளியேறிக்கொண்டே வந்திருக்கும். பிஎச் இறங்கியே இருக்காது. நஞ்சும் வழியெல்லாம் நஞ்சாகவே இருந்திருக்கும். அதனால்தான் கிளம்புமுன் தண்ணீர் மாற்றுவது அவ்வளவு முக்கியம். வீட்டில் பக்கெட் தண்ணீரைப் பாதி கொட்டி, டப் தண்ணீரால் நிரப்பி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி பாதி கொட்டி நிரப்பி, பிறகு சொம்பால் மொண்டு மாற்றலாம். இங்கே நிதானம் நல்லது, பையில் விரைவு நல்லது. இரண்டையும் ஒரே முறையில் செய்யச் சொல்லும் அறிவுரைகள்தான் ஊரெல்லாம் உலவுகின்றன.

லட்சத்தீவின் மினிக்காயில் சூரை பிடிப்பவர்களைப் பார்த்தால் இது பிடிபடும். சூரைக் கூட்டத்தை இழுக்க அவர்கள் படகிலேயே உயிரோடு கொண்டுபோகும் வெள்ளிப் பொடிமீன் ஜிலேபிபோல் முரட்டு மீன் அல்ல, தொட்டாலே சாகிற சாதி. படகின் இரைத் தொட்டிக்குள் கடல்நீர் புகுந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். தண்ணீரே மாறிக்கொண்டிருப்பதால் காற்றும் வருகிறது, கழிவும் போகிறது. நம் டப்பில் ஸ்டோன் முதல் வேலையை மட்டும்தான் செய்கிறது.

டப்பும் தண்ணீரும்

டப் வட்டமாக இருப்பது நல்லது. சதுரத் தொட்டியில் மிரண்ட மீன் மூலையில் முட்டி மூக்கை உடைத்துக்கொள்ளும். மீன் மார்க்கெட்டில் கிடைக்கும் தெர்மகோல் பெட்டி சதுரம்தான் என்றாலும் சூட்டைத் தடுப்பதால் மே மாதத்துக்கு அதுவே மேல். புதிய சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசிந்து பிஎச் 10-க்கு மேலேயும் போகும். இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி, கொட்டி, நிரப்பிப் பழக்காமல் மீன் விடக்கூடாது. கணக்கு என்று கேட்டால் பத்து சென்டிமீட்டர் மீன் ஒன்றுக்கு நான்கைந்து லிட்டர். 50 லிட்டர் டப்புக்குப் பத்துப் பன்னிரண்டு. இதற்கு மேல் ஆசைப்பட்டால் கீழே சொல்லும் எந்தக் கணக்கும் நிற்காது.

கார்ப்பரேஷன் தண்ணீரில் குளோரின் இருக்கும். லாரித் தண்ணீரில் சில நாள் மூக்கிலேயே தெரியும். ஒரு இரவு முழுக்க ஸ்டோன் ஓடவிட்டால் பறந்துவிடும். அவசரமென்றால் மீன் கடையில் கிடைக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) படிகம் 100 லிட்டருக்கு ஒரு கிராம், லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் குளோரினை முறித்துவிடும். வாசனை பலமாக இருந்தால் இரண்டு கிராம். போர்த் தண்ணீரில் குளோரின் இல்லை என்று நம்பி நேரே குழாயைத் திறந்துவிடுவோரும் உண்டு. ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு, கரியமில வாயு அதிகம், சில ஊரில் இரும்பும் அழுகிய முட்டை நாற்றமும் வேறு. அதையும் ஒரு இரவு காற்றாட விட வேண்டும். ஆர்.ஓ. தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்புச்சத்தே இல்லாத அதில் பிஎச் நிலையாக நிற்காது. வெயில் காலத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் கையைச் சுடும். ராத்திரியே பிடித்து வைத்தால் சூடும் தணியும், குளோரினும் போகும்.

டப்பை வெயில் படும் இடத்தில் வைத்தால் தண்ணீர் பச்சை பிடிக்கும். பச்சை நல்லது, இயற்கை என்பார்கள். பகலில் ஆக்சிஜன் தரும் அதே பாசி ராத்திரி அதை இழுத்துக்கொள்ளும், பின்மதியத்தில் பிஎச்சை 9-க்கும் ஏற்றிவிடும். விடிகாலை மூச்சுத் திணறலும் மத்தியானம் அம்மோனியாவுமாக மீனுக்கு இரண்டு பக்கமும் இடி. ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்கவும். கீழே வைத்தால் கரண்ட் போன நேரத்தில் குழாய் வழியே தண்ணீர் இறங்கி பம்பும் போகும், தரையும் நனையும், டப்பும் வடியும்.

ஒரு டீஸ்பூன் தீனி

பத்து சென்டிமீட்டர் ஜிலேபி ஏறக்குறைய 20 கிராம். பன்னிரண்டும் சேர்ந்து 240 கிராம். உடல் எடையில் ஒரு சதவீதம் தீனி என்றால் நாளுக்கு 2.4 கிராம், மிதக்கும் தீனியில் சுமார் ஒரு டீஸ்பூன். பார்க்க ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். ஒரு கிலோ தீனி தின்றால் மீன் சுமார் 30 கிராம் அம்மோனியா வெளியிடும். அந்த டீஸ்பூனிலிருந்து 72 மில்லிகிராம். 50 லிட்டரில் அது லிட்டருக்கு 1.4 மில்லிகிராம், ஒரே நாளில். பிஎச் 8 இருந்தால் நஞ்சு வடிவம் 0.1. எல்லையை இரண்டு மடங்கு தாண்டியாகிவிட்டது. இதில் பிள்ளைகள் ஆசையாகப் போடும் பிரெட் துண்டும் சோறும் சேரவில்லை.

ஒரு வாரத்துக்குப் பட்டினி கிடந்து ஜிலேபி சாகாது. வந்த நாளும் மறுநாளும் ஒன்றும் போடவேண்டாம். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. மிச்சமானதை உடனே எடுத்துவிட வேண்டும். தூண்டிலுக்குப் போகும் முதல் நாள் மறுபடி பட்டினி.

அம்மோனியாவை நிரந்தரமாகச் சமாளிப்பது ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குடியேறும் பாக்டீரியாக்கள். அவை பெருக நான்கைந்து வாரமாகும். கடையில் வாங்கிய புது ஸ்பாஞ்சை முதல் நாளே நம்புவது, வாங்கிய அன்றே பசுவிடம் பால் கேட்பதுபோல. யாருடைய ஓடுகிற மீன் தொட்டியிலாவது ஒரு மாதம் போட்டு எடுத்த ஸ்பாஞ்ச் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் முதல் மாதம் தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், குளோரின் பாக்டீரியாவையும் விட்டுவைக்காது. டப்பிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்தால் போதும். இரண்டாம் வாரவாக்கில் அம்மோனியா குறைந்து, பாக்டீரியா அதை மாற்றிய இன்னொரு நஞ்சான நைட்ரைட் ஏறும். அதற்குக் கல் உப்பு லிட்டருக்கு ஒரு கிராம், 50 லிட்டருக்கு 50 கிராம், கரைத்து ஊற்றினால் அதிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் நுழையவிடாது. காயம்பட்ட மீனுக்கும் அந்த உப்பு இதம்.

சாதிக்கொரு குணம்

குறவையும் பனையேறியும் காற்றைக் குடிக்கும் மீன்கள். இவற்றுக்கு ஸ்டோன் தேவையில்லை. ஆனால் பக்கெட்டை விளிம்புவரை நிரப்பி மூடியை அழுத்தி மூடினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சாகும். பாதித் தண்ணீர், மேலே நான்கு விரல்கட்டைக்காவது காற்று, மூடியில் துளை. குறவையை மற்ற இரையோடு போட்டால் காலையில் குறவை மட்டும் இருக்கும், வயிறு உப்பிப்போய். கெண்டைப் பொடி கூட்டமாக இருந்தால்தான் அமைதியாக இருக்கும், இரண்டு மூன்று மட்டும் விட்டால் மிரண்டு மிரண்டே ஓய்ந்துவிடும்.

முகத்துவாரத்தில் கொடுவாவுக்குப் போகிறவர்கள் நன்னீர் ஜிலேபியை நேரே உவர்நீரில் இறக்கிவிட்டு, இரை அசையவே இல்லை என்று குறைப்படுவார்கள். மூன்று நாள் முன்பிருந்தே டப்பில் நாளுக்கு லிட்டருக்கு 5 கிராம் வீதம் உப்பை ஏற்றி 15-க்குக் கொண்டுவந்தால், பழைய மொசாம்பிக் ஜிலேபி முள்ளிலும் நன்றாக இழுக்கும். பண்ணையில் வளர்க்கும் நைல் ஜிலேபிக்கு அந்த அளவு உப்புத் தெம்பு கிடையாது, அதற்குப் பத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மடவைக்கு உப்பு கலக்கும் வேலையே வேண்டாம், பிடித்த இடத்துத் தண்ணீரையே இரண்டு கேனில் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம்.

போகும்போது தண்ணீரை இரண்டு மூன்று டிகிரி தணித்துக் கொண்டுபோனால் மீன் அடங்கியிருக்கும், கழிவும் குறையும். அரை லிட்டர் பாட்டிலில் உறையவைத்த ஐஸ் 20 லிட்டரில் முழுக்க உருகினால் இரண்டரை டிகிரிதான் இறக்கும். ஒரு லிட்டர் பாட்டில் ஐந்து டிகிரி இறக்கிவிடும், அது அதிகம். ஐஸ் பாட்டிலுக்குள்ளேயே இருக்கட்டும், உடைத்துப் போட வேண்டாம். மீந்த இரையைக் கரையிலேயே தண்ணீரில் விட்டுவிட்டு வரும் தர்மத்தை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். 1952-ல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபி எத்தனை ஏரியில் நாட்டுக் கெண்டையின் இடத்தைப் பிடித்திருக்கிறது என்று தூண்டில்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. மீந்ததை டப்புக்கே திருப்பலாம், புதிதாகப் பிடித்ததோடு ஒரு வாரம் கலக்காமல்.

செத்ததைப் பார்த்துவிட்டு வீசுங்கள்

இத்தனைக்கும் பிறகு ஒன்று செத்தால், வாலைப் பிடித்துத் தூக்கி எறியுமுன் செவுள் மூடியை நகத்தால் தூக்கிப் பாருங்கள். வாய் அகலத் திறந்து, செவுள் மூடி விரிந்தபடி, எல்லாம் ஒரே ராத்திரியில் போயிருந்தால் அது காற்று, பம்பைப் பாருங்கள். செவுள் காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் நைட்ரைட், உப்பு போடவில்லை. செவுள் வீங்கி, சளி படர்ந்து, ஓரம் தேய்ந்திருந்தால் அம்மோனியாவோ குளோரினோ. முதல் ஒரு மணி நேரத்தையும் தண்ணீர் பிடித்த விதத்தையும் நினைத்துப் பாருங்கள். செவுள் சிவப்பாகவே இருந்து விலாவில் பஞ்சோ சிவந்த புண்ணோ இருந்தால் வலையும் கையும். இவை எதுவுமே இல்லாமல், டப்புக்கு இரண்டடி தள்ளித் தரையில் எறும்பு மொய்த்துக் காய்ந்து கிடந்தால், டப்பின் மேல் வலையைப் போட்டு, நான்கு பக்கமும் செங்கல் வையுங்கள்.